வண்டலூருக்குள் ஒரு வேன்
குட்டிச் சொற்களைக் கொண்டு ஆங்கில வாசிப்பைத் தொடங்குதல்

ஆறாம் வகுப்பில் ஆங்கிலப் பாடவேளை. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவனை எழுந்து வாசிக்கச் சொன்னேன். முதல் பத்தியைத் தடையில்லாமல் சொல்லி முடித்தான். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவன் விரல் ஒரு வரியிலும், வாய் அடுத்த வரியிலும் இருந்தன. ஒரு தாளால் பத்தியை மறைத்து, நடுவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் காட்டி, “இதைப் படிப்பா” என்றேன். அவனால் முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக் கேட்டு, பத்தி முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தான்.

கரும்பலகையில் பூனைக்கான சொல்லை எழுதினேன். “சி, ஏ, டி, கேட்” என்று உடனே சொன்னான். முதல் எழுத்தை அழித்து அங்கே ‘எம்’ எழுதினேன். “எம்... ஏ... டி...” என்றவன் அதற்குமேல் நகரவில்லை. மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல, “எனக்கு இங்கிலீஷ் வராது மிஸ்” என்றான்.

அன்று மாலை மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. சொல்வதை எழுதும் தேர்வில் அவனுக்குத் தொடர்ந்து நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறேன். முதல்நாள் நான் கொடுத்த பத்துச் சொற்களை அப்படியே மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறான். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு, வாசிக்கத் தெரியும் என்று நான் சான்று கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தாம்பரம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் மட்டுமல்ல, எந்த ஊர்ப் பள்ளியிலும் இப்படி இரண்டு மூன்று குழந்தைகள் இருப்பார்கள். அவர்களுக்காக நான் செய்துபார்த்த ஒரு சிறு முயற்சியை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு குறிப்பு. இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். இந்தப் பயிற்சியில் காதுக்குத்தான் முதலிடம். தமிழில் எழுதும்போது பேனாவுக்கு வரும் ‘பி’யும் பேருந்துக்கு வரும் ‘பி’யும் ஒன்றாகிவிடும். அதனால் தேவையான இடங்களில் ‘பென் பி’, ‘பஸ் பி’ என்று பிரித்துச் சொல்கிறேன். பத்துக்கு வருவது ‘டென் டி’, நாய்க்கு வருவது ‘டாக் டி’. இந்தக் குழப்பம் நம் குழந்தைகளுக்கு நாள்தோறும் இருப்பதுதான்.

எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும்

அந்த மாணவன் ஏன் நின்றான்? ‘எம், ஏ, டி’ என்ற மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘மேட்’ வராது. தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. ‘க’ என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் பெயர் வேறு, சொல்லுக்குள் தரும் ஒலி வேறு. பெயரை மட்டும் பழக்கிவிட்டு, ஒலியைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்கும் என்று விட்டுவிடுகிறோம். சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்காதவர்கள் மனப்பாடத்தில் தஞ்சம் புகுகிறார்கள்.

இதற்கு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கே தெரியும். ஆங்கிலத்தின் மெய்யெழுத்து ஒவ்வொன்றையும் புள்ளி வைத்த நம் மெய்யெழுத்தாக நினைக்கச் சொன்னேன். ‘எம்’ என்பதை ‘ம்’ என்று ஒலிக்க வேண்டும். ‘வி’ என்பதை ‘வ்’ என்று ஒலிக்க வேண்டும். நடுவில் வருவது உயிர். வ், ஏ, ன் என மூன்றையும் சேர்த்தால் வேன். “இது நம்ம உயிர்மெய் மாதிரிதானே மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதேதான். தெரிந்த தமிழைக் கொண்டு தெரியாத ஆங்கிலத்துக்குள் நுழைகிறோம்.

‘கேட்’ வேண்டாம், ‘ஃபேன்’ போதும்

ஒலி ஒத்த குட்டிச் சொற்களைக் குடும்பமாகக் கற்பிப்பது புதிய முறை அல்ல. பெரும்பாலான புத்தகங்கள் பூனை, பாய், எலி, தொப்பி என்று ‘கேட்’ குடும்பத்தில் தொடங்குகின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன். குழந்தைகள் ‘கேட்டு’, ‘மேட்டு’, ‘ரேட்டு’ என்றார்கள். எழுதச் சொன்னால் சிலர் இறுதியில் ஒரு ‘யு’வையும் சேர்த்தார்கள். திருத்தித் திருத்திப் பாடவேளை முடிந்துபோனது.

இதற்குக் குழந்தையின் கவனக்குறைவு காரணம் அல்ல. தமிழ்ச் சொற்களின் இறுதியில் வரும் எழுத்துகள் 24 என்பது நன்னூல் கணக்கு. உயிர் 12, ஞ் ண் ந் ம் ன் ய் ர் ல் வ் ழ் ள் என்னும் மெய் 11, குற்றியலுகரம் 1. இந்தப் பட்டியலில் வல்லினமெய் ஒன்றுகூட இல்லை. க், ட், ப் ஆகியவற்றில் ஒரு சொல்லை முடிப்பது தமிழ் நாவுக்குப் பழக்கமில்லாதது. அதனால்தான் பஸ் ‘பஸ்ஸு’ ஆகிறது, நட் ‘நட்டு’ ஆகிறது. குழந்தை தன் மொழியின் இலக்கணப்படியே பேசுகிறது. அதைக் கேலி செய்யக் கூடாது.

அப்படியானால் ‘ன்’ என்று முடியும் சொற்களில் தொடங்கினால் என்ன? அவன், மான், மீன், தேன் என்று நாள் முழுக்க நம் குழந்தைகள் சொல்லும் ஒலி அது. அன்று அந்த மாணவன் பார்த்துக்கொண்டு நின்ற மின்விசிறியே அதற்கு நல்ல தொடக்கம். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துக்கும் ‘ன்’ என்று முடியும், வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்கள் கிடைக்கின்றன: ஃபேன், பென், பின், ஆன், பன்.

ஃபேன் குடும்பம்: ஃபேன் (மின்விசிறி), வேன் (வண்டி), கேன் (தண்ணீர் கேன்), மேன் (ஆண், மனிதன்), பேன் (வாணலி), ரேன் (ஓடினான், ஓடினாள்).

பென் குடும்பம்: பென் (பேனா), டென் (பத்து), ஹென் (பெட்டைக்கோழி), மென் (ஆண்கள்). ‘டாக் டி’யில் தொடங்கும் டென் என்றால் விலங்கின் குகை.

பின் குடும்பம்: ‘பென் பி’யில் தொடங்கினால் பின் (குண்டூசி), ‘பஸ் பி’யில் தொடங்கினால் பின் (குப்பைத்தொட்டி), டின் (தகர டப்பா), வின் (வெற்றி பெறு), ஃபின் (மீனின் துடுப்பு).

பன் குடும்பம்: பன் (பன் ரொட்டி), சன் (சூரியன்), ரன் (ஓடு), ஃபன் (வேடிக்கை), கன் (துப்பாக்கி).

‘ஆன்’ தனியாக நிற்கும் சொல். ஃபேனை ‘ஆன்’ செய்யச் சொல்லிப் பழகிய குழந்தைக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்த நான்கு குடும்பங்களும் ஓரளவு கைவந்த பிறகு நெட் (வலை), வெட் (ஈரமான), ஜெட். கட் (வெட்டு), நட் (கொட்டை), ஹட் (குடிசை). கேப் (தொப்பி), மேப் (வரைபடம்), டேப் (குழாய்). ஹாட் (சூடான), பாட் (பானை), டாட் (புள்ளி) என்று வல்லினத்தில் முடியும் குடும்பங்களுக்குப் போகலாம். அதற்குள் ‘ஒலியைச் சேர்த்தால் சொல்’ என்பது குழந்தைக்குப் புரிந்திருக்கும். இறுதி உகரத்தை நீக்குவது மட்டுமே புதிய வேலையாக இருக்கும்.

சொல் சன்னல்

இதற்குத் தேவையானவை இரண்டு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், ஒரு கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா. முதல் அட்டையின் வலப்பக்கத்தில் ஃபேன் குடும்பத்தின் பொதுவான இரண்டு எழுத்துகளான ஏ, என் ஆகியவற்றைப் பெரிதாக எழுதுங்கள். அவற்றுக்கு இடப்பக்கம் ஓர் எழுத்து தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டுங்கள். இரண்டாம் அட்டையை நீளப் பட்டையாக நறுக்கி, மேலிருந்து கீழாக எஃப், வி, சி, எம், ‘பென் பி’, ஆர் என்று எழுதுங்கள். பட்டையைச் சன்னலுக்குப் பின்னால் மேலும் கீழும் நகர்த்தினால் ஆறு சொற்கள் வந்துபோகும். குழந்தைகளே தங்களுக்கு ஒன்று செய்துகொள்ளலாம்.

பாடவேளையின் முதல் பத்து நிமிடம் மட்டும் இதற்குப் போதும். நான் பின்பற்றிய வரிசை இது.

1. முதலில் காது. கரும்பலகையில் எதையும் எழுதாமல் மூன்று சொற்களைச் சொல்லுங்கள்: வேன், கேன், பஸ். “இதில் குடும்பத்தில் சேராதது எது?”

2. அடுத்து வாய். சொல்லை உடைத்துச் சொல்லச் செய்யுங்கள்: வ், ஏ, ன். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரல்.

3. பிறகு கண். சன்னல் அட்டையை நகர்த்தி வாசிக்கச் செய்யுங்கள்.

4. பிறகு கை. சொல்லை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

5. கடைசியாகப் பொருள். சொல்லைக் காட்டினால் குழந்தை பொருளை நடித்தோ படம் வரைந்தோ காட்ட வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்தில் மூன்று அல்லது நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம்.

பொருளைத் தவிர்க்க முடியாது

இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒலிவாசிப்புத் தேர்வு ஒன்று நடத்துகிறார்கள். மொத்தம் 40 சொற்கள். அவற்றில் பாதி, பொருளே இல்லாத போலிச் சொற்கள். குழந்தை மனப்பாடத்தில் சொல்கிறதா, எழுத்தை ஒலித்துப் படிக்கிறதா என்று அறிய அது உதவும். ஆனால் அந்தக் குழந்தைகள் வீட்டில் நாள் முழுவதும் ஆங்கிலம் கேட்பவர்கள். எழுத்தை ஒலித்துவிட்டால் பொருள் தானாக வரும். நம் குழந்தைக்கு அப்படி இல்லை. பொருள் சொல்லாமல் விட்டால் உண்மைச் சொல்லும் போலிச் சொல்லும் அதற்கு ஒன்றுதான். ஆகவே நமக்குப் போலிச் சொற்கள் தேவையில்லை. கற்பிக்கும் ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அன்றே கற்பிக்க வேண்டும்.

நல்ல வேளையாகப் பாதி வேலையை நம் ஊர் செய்து வைத்திருக்கிறது. எங்கள் பகுதியில் கேன் தண்ணீர் வராத தெரு குறைவு. பேருந்துப் பலகையில் தடம் எண்ணோடு ‘கட்’ என்று போட்டிருந்தால், அந்த வண்டி கடைசி நிறுத்தம்வரை போகாது என்பது சிறுவர்களுக்கும் தெரியும். “ஏன் அதற்கு ‘கட்’ என்று பெயர்?” என்று கேட்டேன். ஒரு மாணவி கையைக் கத்தரிக்கோல்போல ஆட்டி, “ரூட்டைப் பாதியில வெட்டிட்டாங்க மிஸ்” என்றாள். தேர்வில் ஒளித்துவைக்கும் ‘பிட்’ என்ற சொல்லுக்குச் சிறு துண்டு என்று பொருள் என்றதும் வகுப்பே சிரித்தது. அந்தச் சொல்லின் எழுத்துகளை யாரும் மறக்கவில்லை.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வருவதையும் இங்கேயே தொடங்கலாம். கேன் என்றால் தண்ணீர்க் கலம். ‘முடியும்’ என்பதும் அதே சொல்தான். ‘ஐ கேன் ரன்’ என்பது என் மாணவர்கள் தாமாகப் படித்த முதல் ஆங்கிலச் சொற்றொடர். ஃபேன் மின்விசிறி மட்டுமல்ல, நடிகரின் ரசிகரும்தான். பேட் மட்டையும் ஆகும், வௌவாலும் ஆகும்.

பாம்புக்குள் இரண்டு ‘ப’

பின் என்ற சொல் குண்டூசியா, குப்பைத்தொட்டியா என்ற குழப்பத்துக்கு வருவோம். தமிழில் ஒரே ‘ப’ இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு எழுத்துகள். இதை விளக்க ஒரே ஒரு தமிழ்ச் சொல் போதும்: பாம்பு. முதலில் வரும் ‘பா’ பேனாவின் ஒலி, ‘ம்’முக்குப் பின் வரும் ‘பு’ பேருந்தின் ஒலி. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு இரண்டு ஒலிகளையும் தனித்தனியே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது ஒலியைத் தொடங்கும்போதே தொண்டை அதிரும். இதேபோல் பட்டம், பண்டம் இரண்டிலும் வரும் ‘ட’ ஒலிகள் ‘டென் டி’யும் ‘டாக் டி’யும் ஆகும். காங்கேயம் என்ற ஊர்ப்பெயரில் இரண்டு ‘க’ ஒலிகளும் இருக்கின்றன.

இது புரிந்தபின் இணைச் சொற்களைக் கொடுக்கலாம்: பிக் (பன்றி), பிக் (பெரிய), கேப் (தொப்பி), கேப் (இடைவெளி), டென் (பத்து), டென் (குகை). எங்கள் பகுதிப் பள்ளிகளில் கட்டட வேலைக்காக வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இந்தி பேசும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு வீட்டு மொழியிலேயே உண்டு. இந்தப் பயிற்சியில் அவர்களை முன்னால் நிற்க வைத்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் செய்தேன். தமிழ் வகுப்பில் திணறும் பிள்ளை ஒரு நாளாவது ஆசிரியராக நின்றது நல்ல காட்சி.

ரயில் பாதையில் ஒரு சொல் வேட்டை

எங்கள் பிள்ளைகளுக்கு மின்சார ரயில் வீட்டுப் பொருள்போலப் பழக்கம். கடற்கரை முதல் தாம்பரம்வரை 1931-இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நிலையப் பெயர்ப்பலகைகள் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழியில் இருக்கின்றன. ஆங்கிலப் பெயர்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, “உள்ளே ஒளிந்திருக்கும் குட்டிச் சொல்லைக் கண்டுபிடியுங்கள்” என்றேன். எழுத்துகளை இடம் மாற்றக் கூடாது.

பல்லாவரம்: ஆல் (எல்லாம்).
குரோம்பேட்டை: பெட் (செல்லப்பிராணி).
தாம்பரம்: பார் (கம்பி), ரேம் (ஆட்டுக்கிடா).
பெருங்களத்தூர்: ரன் (ஓடு).
வண்டலூர்: வேன்.
கூடுவாஞ்சேரி: அங்கும் வேன், கூடவே ஹெர் (அவளுடைய).

வண்டலூருக்குள் வேனைக் கண்டுபிடித்தது, “இங்கிலீஷ் வராது” என்று சொன்ன அதே மாணவன்தான். எழுத்தெழுத்தாகச் சொல்லவில்லை. பார்த்ததும் வாசித்தான்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வண்டலூரை ‘வேன்டலூர்’ என்று யாரும் சொல்வதில்லை. இவை தமிழ்ப் பெயர்கள். ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டவை. எழுத்து அதேதான், மொழி மாறினால் ஒலி மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. சென்னையின் ஆங்கிலப் பெயரிலும் குரோம் என்ற சொல்லிலும் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே. ஒன்று ‘ச’, மற்றொன்று ‘க’. உயர்நிலை வகுப்புகளில் இதையே ஒரு பாடமாக விரிக்கலாம்.

அடுத்த விளையாட்டில் எழுத்துகளை இடம் மாற்றலாம். தாம்பரத்தின் ஆங்கிலப் பெயரில் எட்டு எழுத்துகள்: ‘டென் டி’ 1, ஏ 3, எம் 2, ‘பஸ் பி’ 1, ஆர் 1. இவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள்? மேட் (பாய்), ரேட் (எலி), பேட் (மட்டை), ஆர்ம் (கை), ஆர்ட் (கலை), தார் சாலையின் டார், பார், ட்ராம் என்று பிள்ளைகள் அடுக்கினார்கள். ட்ராம் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்குச் சென்னைத் தெருக்களில் 1895 முதல் 1953 வரை தண்டவாளத்தில் ஓடிய மின்வண்டியைப் பற்றிச் சொன்னேன். அது ஒரு வரலாற்று வகுப்பாகவும் ஆனது.

பெரிய வகுப்புகளுக்குச் சொல்லேணி கொடுக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். வருவது பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும். பேனிலிருந்து (வாணலி) தொடங்கிப் பென், டென், டின், வின் என ஏறலாம். ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதிய லூயி கரோல் 1877-இல் உருவாக்கிய விளையாட்டு இது.

கட்டுப்படாத சொற்கள்

கட், நட், ஹட் என்று வாசித்துவந்த மாணவி அடுத்த சொல்லை ‘பட்’ என்றாள். அது ‘புட்’ (வை). விதியைச் சரியாகப் பின்பற்றியதால் வந்த தவறு அது. அவளைப் பாராட்டிவிட்டு, “இந்தச் சொல் குடும்பத்துக்குக் கட்டுப்படாதது” என்றேன். தி, வாஸ், ஒன், டூ, புட் போன்றவற்றைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். வாரம் மூன்று போதும்.

இறுதியில் ஓர் ‘ஈ’ சேர்ந்தால் உயிரொலி மாறுவதைக் குட்டிச் சொற்கள் நன்கு பழகியபின் சொல்லலாம். கேன் ‘கெய்ன்’ (பிரம்பு) ஆகும், பின் ‘பைன்’ (பைன் மரம்) ஆகும், கட் ‘க்யூட்’ (அழகான) ஆகும். நம் குறில், நெடிலை நினைவூட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

குட்டிச் சொற்களை வைத்துக் கதை சொல்ல முடியுமா என்று ஐயப்பட வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1957-இல் வெளியிட்ட ‘தி கேட் இன் தி ஹேட்’ நூலில் வரும் வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. நம் பிள்ளைகள் பத்துச் சொற்களில் நான்கு வரிக் கதை எழுதினால் போதும். கோழி வேனில் ஏறும் கதை எங்கள் வகுப்பில் மூன்று வடிவங்களில் இருக்கிறது.

மதிப்பிடும் முறையை மாற்றுவோம்

2022 ஜூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கும் படியைப் பார்த்துக் கற்பிக்கப் பழகினோம். அந்தப் பார்வை ஆறாம் வகுப்பிலும், ஒன்பதாம் வகுப்பிலும் நமக்குத் தேவை. வகுப்பு உயர்ந்ததால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது.

நான் செய்த மாற்றம் ஒன்றுதான். வாரக் கடைசியில், கற்பித்த குடும்பங்களிலிருந்து நான் கற்பிக்காத ஐந்து சொற்களைக் கொடுக்கிறேன். ஃபேன், வேன், கேன் கற்பித்திருந்தால் தேர்வில் வருவது மேன், ரேன். ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று கட்டங்கள்: புதிய சொல்லை ஒலித்தானா? பொருளைச் சொன்ன பிறகு நினைவில் வைத்தானா? தன் சொற்றொடரில் பயன்படுத்தினானா? மனப்பாடம் இங்கே உதவாது. முதல் வாரம் என் வகுப்பில் பலருக்கு முதல் கட்டமே காலியாக இருந்தது. அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பல ஆண்டுகளில் நான் போட்ட மதிப்பெண்களில் உண்மையானவை அவைதான்.

அந்த மாணவன் இன்னும் பாடநூலின் நீண்ட பத்திகளில் தடுமாறுகிறான். ‘ன்’ குடும்பங்கள் முழுவதும் வந்துவிட்டன. ‘ட்’ குடும்பங்களில் பாதி வந்திருக்கிறது. சென்ற வாரம் பத்தியை வாசிக்கச் சொன்னபோது மிக மெதுவாக வாசித்தான். மூன்று சொற்களில் நின்றான். ஆனால் அவன் விரல் இருந்த இடத்தில்தான் வாயும் இருந்தது.

நாளை உங்கள் வகுப்பில் சரளமாக வாசிக்கும் ஒரு குழந்தையின் பத்தியைத் தாளால் மறைத்து, ஒரே ஒரு சொல்லை மட்டும் காட்டிப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.